வோக்கலாய்டு பாட்டை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் கணினிக் குரலைப் பாட வைத்து உருவாக்கும் பாட்டுகளைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். நண்பர்கள், கூட வேலை செய்கிறவர்கள், உறவுக்காரப் பிள்ளைகள் என்று பலரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். பரிந்துரைகள் எல்லாம் என் காதுக்குப் பிடித்தவை. உங்கள் காது வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள்.

வோக்கலாய்டு என்றால் என்ன?

யமஹா நிறுவனம் உருவாக்கிய பாடும் மென்பொருள். 2003-ல் அறிவித்தார்கள், 2004-ல் விற்பனைக்கு வந்தது. ஒருவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார வைத்து, ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு அவர் குரல் எப்படி நகர்கிறது என்பதைத் துண்டு துண்டாகப் பதிவு செய்வார்கள். பாட்டு எழுதுகிறவர் சுரத்தையும் சொல்லையும் கொடுத்தால், மென்பொருள் அந்தத் துண்டுகளை ஒட்டிப் பாடிக் காட்டும்.

நம் எழுத்தை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். ஜப்பானிய எழுத்தும் உயிர்மெய் மாதிரிதான், மெய்யும் உயிரும் சேர்ந்தே வரும். ‘சகுரா’ என்று பாட வேண்டுமா? திரையில் இடது ஓரமாக பியானோ கட்டைகள் மேலிருந்து கீழாக நிற்கும். அதற்கு நேராக மூன்று கட்டங்கள் போட்டு, ஒன்றில் ‘ச’, அடுத்ததில் ‘கு’, கடைசியில் ‘ரா’ என்று எழுத வேண்டும். இப்போது ஓட விட்டால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி தட்டையாக வரும். உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். ‘ச’வைச் சரியான சுரத்துக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி மேலே ஏற்றுவார்கள். ‘கு’வின் உயிரைப் பாதியில் வெட்டுவார்கள். ‘ரா’வை நீட்டி, கடைசிக் கால் பங்கில் மட்டும் ஒரு சின்ன அசைவு வைப்பார்கள். மூச்சு இழுக்கும் சத்தத்தைக்கூட எங்கே வைப்பது என்று யோசிப்பார்கள். ஒரு நான்கு நிமிடப் பாட்டில் இப்படி எத்தனை நூறு கட்டங்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் வேறு ஆட்களும் நிறுவனங்களும் செய்த மென்பொருள்களும் வந்தன: உத்தாவ், செவியோ, சிந்தசைசர் வி. கண்டிப்பாகப் பார்த்தால் அவையெல்லாம் வோக்கலாய்டு கிடையாது. ஆனால் ஜப்பானில் கேட்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘போகாரோ’ என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஹட்சுனே மிக்கு பாடகியா, கார்ட்டூன் பாத்திரமா?

இசைக்கருவி. முகம் உள்ள இசைக்கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்போரோ நகரத்தில் உள்ள கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா 2007 ஆகஸ்ட் 31 அன்று மிக்குவை வெளியிட்டது. குரல் கொடுத்தவர் ஃபுஜிதா சாகி என்ற பின்னணிக் குரல் கலைஞர். அட்டைப் படம் வரைந்தவர் கெய். நிறுவனம் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த விவரம் ரொம்பக் கொஞ்சம்: வயது 16, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 42 கிலோ, எந்த டெம்போவில் (பாட்டின் வேகம்), எந்தச் சுர வரம்பில் நன்றாகப் பாடுவாள் என்பது, அவ்வளவுதான். கதை எதுவும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் ஒரு பாட்டில் காதலியாக, இன்னொன்றில் இறந்துபோன சிறுமியாக, வேறொன்றில் வெறும் கணினி நிரலாக எப்படி வேண்டுமானாலும் அவளால் இருக்க முடிகிறது.

ஆகவே ‘மிக்குவின் பாட்டு’ என்று சொல்வது ‘வயலினின் பாட்டு’ என்று சொல்வது மாதிரி. எழுதியவர் யார் என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் ஒன்றை மட்டும் உங்களிடம் வற்புறுத்த வேண்டுமென்றால் இதைத்தான் வற்புறுத்துவேன். பாட்டு, சொல், வாத்தியம், குரலைச் செதுக்குவது என்று எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே ஆள், தன் அறையில் உட்கார்ந்து செய்கிறார். அவருக்குப் ‘போகாரோ-பி’ என்று பெயர். அந்த ‘பி’, தயாரிப்பாளரைக் குறிக்கும் ‘புரொடியூசர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து.

முதல் தடவை கேட்டால் குரல் காதைக் குத்துகிறதே?

குத்தும். எனக்கும் குத்தியது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் மேல் ஒலிகள் மட்டும் தெறித்து வரும், அடியில் இருக்கும் வாத்தியம் காணாமல் போகும். சாதாரண ஹெட்போன் போதும். அப்புறம் மிக்குவின் மேல்ஸ்தாயிப் பாட்டில் ஆரம்பிக்காமல், மிக்கு மாதிரியே வந்த வேறு குரல்களில், மெகுரினே லூகாவின் கொஞ்சம் கனமான குரலிலோ குமியின் குரலிலோ ஆரம்பியுங்கள். லூகா 2009 ஜனவரியில் வந்தவள், குமி அதே வருடம் ஜூனில்.

லூகாவுக்கு என் பரிந்துரை ‘டபுள் லாரியட்’, எழுதியவர் அகோஅனிகி. கைகளை விரித்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும் ஒருவரின் பாட்டு. 85 சென்டிமீட்டர் ஆரம்தான் என் கைக்கு எட்டும் தூரம், சுற்றப் போகிறேன், தள்ளி நில்லுங்கள் என்று தொடங்குவார். சரணம் மாற மாற அந்த ஆரம் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் 6300 கிலோமீட்டர். பூமியின் ஆரம்! சொல் புரியாமல் கேட்டாலே உற்சாகம் வரும். இந்த எண்கள் தெரிந்து கேட்டால் தொண்டை அடைக்கும்.

ஒரே ஒரு பாட்டுதான் கேட்பேன் என்றால் எதைச் சொல்வீர்கள்?

‘மெல்ட்’. ரியோ எழுதி, 2007 டிசம்பர் 7 அன்று நிக்கோநிக்கோ காணொளித் தளத்தில் ஏற்றியது.

மிக்கு வந்த முதல் மூன்று மாதங்களில் வந்த பாட்டுகளில் பல, மிக்கு தன்னைப் பற்றித் தானே பாடுவதாக இருந்தன. என்னை வாங்கினீர்களே, பாட வையுங்கள் என்கிற மாதிரி. ‘மெல்ட்’ அந்த விளையாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பள்ளிப் பெண்ணின் ஒரு நாளைச் சொன்னது. காலையில் கண் விழித்ததும் அவன் நினைவு. துணிந்து முன்முடியை வெட்டிக்கொள்கிறாள், அவன் ‘என்னாச்சு’ என்று கேட்க வேண்டும் என்பதற்காக. ரோஜா நிறப் பாவாடை, தலையில் பூ. வெளியே வந்தால் வானிலை அறிவிப்பு பொய்த்து மழை கொட்டுகிறது. பையில் மடக்குக் குடை இருக்கிறது, ஆனால் அவளுக்கு அதில் சந்தோஷமில்லை, பெருமூச்சு விடுகிறாள். அப்போது அவன் வந்து, சரி, வேறு வழியில்லை, நானும் உள்ளே வருகிறேன் என்கிறான். ஒரு குடைக்குள் இரண்டு பேர். அந்த இடத்தில்தான் பாட்டு உடைந்து பெருகும்.

இயந்திரக் குரலுக்குக் கூச்சம் தெரியாது. மனிதப் பாடகி என்றால் வெட்கத்தையோ குழைவையோ கூட்டிப் பாடியிருப்பார். மிக்கு எதையும் கூட்டவில்லை. அதனால் அந்தப் பெண்ணின் படபடப்பு கேட்பவர் மனதுக்குள்தான் நடக்கிறது. இந்த வகைப் பாட்டில் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று கேட்டால் இந்தக் காரணத்தைத்தான் சொல்வேன்.

பாட்டு வந்த சில நாட்களில் ஆளாளுக்கு அதைப் பாடிப் பதிவேற்ற, தரவரிசை முழுக்க ‘மெல்ட்’ ஆகிவிட்டது. அந்த நாட்களுக்கு ‘மெல்ட் அதிர்ச்சி’ என்றே பெயர் வந்துவிட்டது.

எனக்கு ராக் பிடிக்கும். வேகமாக, கிடார் தூக்கலாக ஏதாவது?

வோவாகா. வேறு பெயரே வேண்டாம். 2009-ல் ‘உராஒமோத்தே லவர்ஸ்’, 2010-ல் ‘ரோலிங் கேர்ள்’, அதே வருடம் மிக்குவும் லூகாவும் சேர்ந்து பாடும் ‘வேர்ல்ட்ஸ் எண்ட் டான்ஸ்ஹால்’. சொற்கள் மூச்சு விட இடமில்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். கிடார் குத்திக் குத்திப் போகும், மேலே பியானோ பதறும். இன்றைக்குப் ‘போகாரோ ஒலி’ என்று ஜப்பானில் யாராவது சொன்னால் பெரும்பாலும் இவர் போட்ட பாதையைத்தான் சொல்கிறார்கள்.

2011-க்குப் பிறகு அவர் ஹிட்டோரியே என்ற தன் இசைக்குழுவுக்குப் போய்விட்டார். ஆறு வருடம் கழித்து, மிக்குவின் பத்தாவது பிறந்த நாளையொட்டி 2017-ல் ‘அன்னோன் மதர் கூஸ்’ எழுதினார். 2019 ஏப்ரல் 5 அன்று, 31 வயதில் இறந்துபோனார். மேலே சொன்ன வரிசையில் கேட்டுவிட்டு ‘அன்னோன் மதர் கூஸ்’ பாட்டைக் கடைசியாகக் கேளுங்கள். அதை மட்டும் தனியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

அடுத்து ஹாச்சியின் ‘மாத்ரியோஷ்கா’ (2010), கோணல்மாணலான, கை தட்டிக்கொண்டே ஓடும் பாட்டு. நெரு எழுதி ககாமினே ரின் என்ற குரல் பாடும் ‘லாஸ்ட் ஒன் நோ கோக்கோக்கு’ (2013) பரீட்சைக்குப் படிக்கிற வயதில் இருப்பவர்களுக்கு நேராகப் போய்த் தைக்கும். கரும்பலகையில் உள்ள இந்த எழுத்தைப் படிக்க முடிகிறதா, அந்தப் பிள்ளையின் மனதைப் படிக்க முடிகிறதா என்று கேட்கும். பரப்பளவு விகிதத்தின் சூத்திரம் சொல்வாயே, சின்ன வயதில் கண்ட கனவு என்னவென்று சொல்ல முடியுமா என்று கேட்கும். ரின்னின் குரல் கொஞ்சம் கீச்சென்று, பிடிவாதமாக இருக்கும். அந்தக் கேள்விகளுக்கு அப்படி ஒரு குரல்தான் வேண்டும்.

மனிதரால் பாடவே முடியாத பாட்டு இருக்கிறதாமே?

காஸ்மோ எழுதிய ‘ஹட்சுனே மிக்கு நோ ஷோஷிட்சு’, அதாவது ஹட்சுனே மிக்குவின் மறைவு. முழு நீளப் பதிப்பு 2008-ல் வந்தது. டெம்போ நிமிடத்துக்கு 240 தட்டு. மிக்குவுக்கு நிறுவனம் பரிந்துரைத்த டெம்போவே 70 முதல் 150 வரைதான்!

கணினியிலிருந்து அழிக்கப்படப் போகும் மென்பொருள், தன்னை உருவாக்கிப் பாட வைத்தவரிடம் விடைபெறுவதுதான் பாட்டு. நேரம் இல்லை, சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் கொட்டுகிறது. வேகத்துக்குக் கதைக்குள்ளேயே காரணம் இருப்பதால்தான் அது வெறும் வித்தையாக நிற்காமல் பாட்டாகிறது. ஜப்பானில் இதையும் பாடிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

மெதுவான மெலடிப் பாட்டுகள்?

இதில் நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபயாஷி ஓனிக்ஸ் 2008-ல் எழுதிய ‘சாய்ஹாத்தே’. தலைப்பின் பொருள் கடைக்கோடி எல்லை. முதல் தடவை கேட்கும்போது இதமான, வெயில் நாள் பாட்டு மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் எப்படிப்பட்ட இடமோ, பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடு என்று பாடுகிறாள். யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள் போல என்று நினைப்போம். மேகமே இல்லாத, தெளிந்த வானம், பிரிவதற்கு நல்ல நாள் என்கிறாள். அப்புறம் ஒரு கதவு மூடுகிறது. உன் புகை மேகமாகும், மழையாகும் என்கிறாள். அங்கேதான் நமக்கு உறைக்கும், அது தகன அறையின் கதவு.

அழுகை ஒரு இடத்திலும் இல்லை. மிக்குவால் அழவும் முடியாது, தொண்டை கமறவும் தெரியாது. துக்க வீட்டில் சில பேர் கண்ணில் நீர் இல்லாமல், வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார்களே, அந்த முகம் இந்தக் குரலில் இருக்கிறது. எனக்கு வேண்டியவர் ஒருவர் போன பிறகு பல மாதம் பேருந்தில் போகும்போது இந்த ஒரு பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதன் பிறகு டோரிகோவின் ‘உத்தா நி கத்தாச்சி வா நாய் கெரெதோ’, பாட்டுக்கு உருவமில்லை என்றாலும் என்று பொருள். என்-பூனாவின் ‘யோஆக்கே தோ ஹொத்தாரு’, விடியலும் மின்மினியும். சோசோ-பி எழுதி குமி பாடும் ‘கோக்கோரோனாஷி’. இந்த மூன்றையும் ராத்திரியில் கேளுங்கள்.

கதை சொல்லும் பாட்டு?

மோத்தி எழுதிய ‘அக்கு நோ முசுமே’யும் ‘அக்கு நோ மேஷித்சுகாய்’யும். தீமையின் மகள், தீமையின் வேலைக்காரன். இரண்டும் 2008. முதலாவதை ரின் பாடுகிறாள், இரண்டாவதை லென். ஒரே குரல் கலைஞர் ஷிமோதா அசாமியின் குரலிலிருந்து செய்த இரண்டு குரல்கள் இவை.

14 வயது அரசி, கொடுங்கோல் ஆட்சி, மக்கள் புரட்சி, மரண தண்டனை. தண்டனை மேடையில் மூன்று மணி அடிக்கிறது. அவள் கூட்டத்தைப் பார்க்காமல், அடடா, சிற்றுண்டி நேரமாகிவிட்டதே என்கிறாள். திமிர் என்று தோன்றும். இரண்டாவது பாட்டைக் கேளுங்கள். அதே மணி, அதே சொல், ஆனால் யார் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார் என்பது மாறிவிடும். இதற்கு மேல் சொன்னால் உங்களுக்கு மிச்சமிருக்காது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

எல்லாரும் சொல்லும் ‘சென்போன்ஸாகுரா’வை நீங்கள் ஏன் முதலில் சொல்லவில்லை?

அது உங்களைத் தானாகவே தேடி வந்துவிடும் என்பதால்தான். குரோவுசா-பி 2011 செப்டம்பரில் வெளியிட்டது. ஆயிரம் செர்ரி மரங்கள் என்று பொருள், தைஷோ காலத்து (1912 முதல் 1926 வரை) ஜப்பானின் வாசனை. கோபயாஷி சச்சிகோ என்ற மூத்த என்கா (ஜப்பானின் பழைய பாணி மெல்லிசை) பாடகி 2015 டிசம்பர் 31 அன்று பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே-யின் புத்தாண்டுப் பாட்டு நிகழ்ச்சியான கோஹாக்குவில் இதைப் பாடினார். வீட்டில் உள்ள தாத்தா பாட்டி வரைக்கும் போகாரோ பாட்டு போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஜப்பானிய மரபு வாத்தியங்களோடு வாகாக்கி பேண்ட் பாடிய பதிப்பும் நன்றாக இருக்கும். ஆரம்ப பியானோவுக்காகவே கேட்கலாம்.

மிக்குவைத் தவிர வேறு குரல்கள்?

லூகா, குமி, ரின், லென் பற்றி மேலே வந்துவிட்டது. இன்னும் மூன்று குரல்களைச் சொல்ல வேண்டும்.

காய் யூக்கியின் குரல் உண்மையான ஆரம்பப் பள்ளிச் சிறுமியின் குரலிலிருந்து எடுத்தது, 2009. இனாபாகுமோரி அந்தக் குரலை வைத்து எழுதிய ‘லேக் ட்ரெயின்’ (2020) ரயில் நிலையங்களின் மனச்சோர்வு. அதே குரலை வைத்து யுகோப்பி எழுதிய ‘க்யோஃபூ ஆல்பேக்’ (2023) வெளியே கிளம்பினேன், காற்று பலமாக அடித்துத் தலைமுடி எல்லாம் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். ஒரே குரல் இரண்டு பேர் கையில் எப்படி மாறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

கசானே டெட்டோவின் கதை எனக்கு மிகப் பிடித்தது. 2008 ஏப்ரல் 1 அன்று, புதிய வோக்கலாய்டு வரப்போகிறது என்று ஊரை ஏமாற்ற, ஜப்பானிய இணையவாசிகள் சிலர் சும்மா கற்பனை செய்த பாத்திரம் அது. முட்டாள்கள் தின விளையாட்டு. ஆனால் உத்தாவ் என்ற இலவச மென்பொருளில் அவளுக்கு உண்மையிலேயே ஒரு குரல் செய்து கொடுத்தார்கள். ரசிகர்கள் கைவிடவில்லை. 15 வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், சிந்தசைசர் வி-யில் முழுமையான வணிகக் குரலாக வந்தாள். அதே வருடம் ஹராகுச்சி சாசுகேயின் ‘ஹித்தோ மேனியா’, யோஷிதா யாசேயின் ‘ஓவர்ரைடு’, 2024-ல் மிக்குவோடு சேர்ந்து ‘மெஸ்மரைசர்’ என்று வரிசையாகப் பெரிய வெற்றிகள். பொய்யாகப் பிறந்தவள் இன்றைக்கு மிக்குவின் பக்கத்தில் சமமாக நிற்கிறாள்.

காஃபு என்ற குரலில் ட்சுமிகி எழுதிய ‘ஃபோனி’ (2021) ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயற்கைப் பூவைவிட அழகான பூ இந்த உலகத்தில் இல்லை, ஏனென்றால் எல்லாமே பொய்யால் ஆனது என்று தொடங்குகிறது. செயற்கைக் குரல் அதைப் பாடும்போது ஒரு சிலிர்ப்பு.

மனிதர்கள் பாடிய பதிப்பைக் கேட்கலாமா? அது ஏமாற்று வேலை ஆகாதா?

தாராளமாகக் கேளுங்கள். அந்தப் பதிப்புகளுக்கு ஜப்பானில் ‘உத்தத்தே மித்தா’ என்று பெயர். தமிழில் சொல்லுக்குச் சொல் அப்படியே ‘பாடிப் பார்த்தேன்’! நம் ‘பார்த்தேன்’ எப்படி முயற்சி என்ற பொருளைத் தருகிறதோ, அவர்களுடைய ‘மித்தா’வும் அதே வேலையைச் செய்கிறது. முதல் தடவை இதைக் கவனித்தபோது நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் மூலப் பதிப்பையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். எழுதியவர் மனதில் இருந்த குரல் அது.

ஜப்பானிய மொழி தெரியாதே?

தமிழ் தெரியும் அல்லவா, பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ‘போகு வா கிமி நி உத்தா ஓ உத்தாவு’ என்றால் ‘நான் உனக்குப் பாட்டைப் பாடுகிறேன்’. சொல் வரிசை மாறவே இல்லை. ‘நி’ நம் ‘கு’ உருபு, ‘ஓ’ நம் ‘ஐ’ உருபு. வினைச்சொல் கடைசியில்தான் வரும், அதனால் ஒரு வரியின் முடிச்சு கடைசிச் சொல்லில் அவிழும் சுகம் நமக்குப் பழக்கமானதே. குறில் நெடில் வித்தியாசமும் உண்டு.

கோக்கோரோ என்றால் மனம், சோரா வானம், யுமே கனவு, நாமிதா கண்ணீர், போகு நான், கிமி நீ. இந்த ஆறு சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டைப் போட்டாலும் இரண்டு மூன்றாவது காதில் சிக்கும்.

பிள்ளைகள் கேட்கலாமா?

பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். துள்ளலான இசைக்குள் தற்கொலை, கொடுமை, தனிமை என்று கனமான விஷயங்களை வைப்பது இங்கே சாதாரணம். சொல் புரியாததால் நாம் ஏமாந்துவிடுவோம். கிக்குவோவின் பாட்டுகள் தாலாட்டு மாதிரி ஒலிக்கும், பொருள் பயங்கரமாக இருக்கும். டெகோ-நீனாவின் ‘ரேபிட் ஹோல்’ பெரியவர்களுக்கான ஜாடை கலந்தது. இயோவாவின் ‘க்யூகுராரின்’ பொம்மைப் பெட்டி இசையாகத் தொடங்கி எங்கேயோ கொண்டுபோய் விடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ‘க்யோஃபூ ஆல்பேக்’, ‘டபுள் லாரியட்’, லைவ்ட்யூனின் ‘டெல் யுவர் வேர்ல்ட்’ போதும். கடைசியாகச் சொன்னது 2011 டிசம்பரில் கூகுள் குரோம் விளம்பரத்தில் வந்த பாட்டு. கூச்சமே இல்லாத நம்பிக்கை அதில் இருக்கிறது.

மனம் சரியில்லாத நாட்களில் நீங்களும் ‘ரோலிங் கேர்ள்’ மாதிரியான பாட்டைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கான்சாகி இயோரியின் ‘இனோச்சி நி கிராவரேத்தே இரு’ சாவைப் பற்றிப் பேசித் தொடங்கினாலும், முடிவில் வாழ் என்று கத்திக்கொண்டுதான் நிற்கிறது. அதையும் பக்கத்தில் யாராவது இருக்கும்போது கேளுங்கள்.

யோனெசு கென்ஷி, யோவாசோபி எல்லாம் இங்கிருந்து வந்தவர்கள்தானா?

ஆமாம். ‘மாத்ரியோஷ்கா’ எழுதிய ஹாச்சிதான் இன்றைக்கு ஜப்பானில் பெரிய பாப் பாடகரான யோனெசு கென்ஷி. யோவாசோபி இசைக்குழுவில் பாட்டு எழுதும் அயாசே, யோருஷிகா இசைக்குழுவின் என்-பூனா, இருவரும் போகாரோ-பி ஆக இருந்தவர்கள். பாடகி அடோவின் ‘உஸ்ஸேவா’ (2020) பாட்டை எழுதிய ஷூதோவும் அப்படியே. யோனெசு 2017-ல் மறுபடி ஹாச்சி என்ற பெயரில் வந்து ‘சுனா நோ வாகுசெய்’ எழுதினார். மணல் கிரகம். மிக்குவின் பெரிய கச்சேரி விழாவுக்கான பாட்டிலேயே இந்த உலகத்தைப் பாலைவனம் என்று எழுதியதில் நிறையப் பேருக்குக் கோபம். எனக்கு அது திட்டாகப் படவில்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பி வந்து, ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்பது மாதிரிதான் பட்டது. ‘மெல்ட் அதிர்ச்சி’யில் பிறந்த உயிர் என்று அதில் ஒரு வரி வரும். அன்பு இல்லாதவர் அப்படி எழுத மாட்டார்.

இதுவும் ஏஐ பாட்டுதானே?

இல்லை. 2022-ல் வந்த வோக்கலாய்டு 6-லும் சிந்தசைசர் வி-யிலும் குரல் இயல்பாக ஒலிக்க ஏஐ உதவுகிறது, உண்மைதான். ஆனால் மெட்டும் சொல்லும் மனிதர் எழுதியவை, சுரங்களை வைப்பதும் மனிதர்தான். இரண்டு வரி கட்டளை கொடுத்து முழுப் பாட்டை வாங்குவது வேறு சமாச்சாரம்.

புதுப் பாட்டுகளைத் தேடுவது எப்படி?

பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, பக்கத்தில் குரலின் பெயரையும் சேர்த்தால் யூடியூபில் கிடைத்துவிடும். பிடித்திருந்தால் உடனே எழுதியவரின் சேனலுக்குப் போய், அவருடைய மிகப் பழைய பாட்டைக் கேளுங்கள். நிக்கோநிக்கோவில் ஒரு லட்சம் பார்வையைத் தாண்டிய பாட்டுக்கு ‘தெந்தோ-இரி’ என்று பெயர், பத்து லட்சம் என்றால் ‘தென்செட்சு-இரி’. இந்தப் பட்டியல்கள் நல்ல தொடக்கம். 2020-ல் வந்த புரோஜெக்ட் செகாய் விளையாட்டு வழியாகவும் பழைய பாட்டுகள் பல கிடைக்கும்.

ஆனால் நான் காத்திருப்பது ‘போகாகொரே’ என்ற பாட்டுத் திருவிழாவுக்கு. 2020 டிசம்பரில் தொடங்கியது. அதில் புதிதாக எழுத வந்தவர்களுக்கென்றே ஒரு தனித் தரவரிசை உண்டு. அதன் கீழ்ப் பகுதியில், இருநூறு முந்நூறு பேர் மட்டும் கேட்டிருக்கும் பாட்டுகளில் பத்தை எடுத்து ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்பேன். ஒன்பது சுமாராக இருக்கும். பத்தாவதைக் கேட்டுவிட்டு, எழுதியவருக்கு எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் ஒரு வரி கருத்து போட்டுவிட்டுத் தூங்கப் போவேன்.